உங்கள் இணையதளத்தை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது? ஆங்கர் டெக்ஸ்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடும் ஒரு தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்தார். இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்க வேண்டும் என்று இணையதளம் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. போனில் ஓர் எக்ஸெல் தாளைத் திறந்து நீட்டினார். "அண்ணா, 300 பேக்லிங்க் வாங்கியிருக்கேன். ஆனா கூகுள்ல தேடினா நம்ம சைட் எங்கயுமே வரல."

தாளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இடது பக்கம் அவர் தளத்துக்கு லிங்க் கொடுத்த தளங்களின் முகவரிகள். டயர் கடை, ஜோதிடம், ரம்மி விளையாட்டு என்று பூண்டுக்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத இடங்கள். வலது பக்கம் அந்த லிங்க்குகளில் தெரியும் எழுத்துகள். மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம்: "கொடைக்கானல் மலைப்பூண்டு ஆன்லைனில் வாங்க". முந்நூறு வரிசையிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"ஆங்கர் டெக்ஸ்ட்ல கீவேர்ட் இருந்தா ரேங்க் ஏறும்" என்று சொல்லித்தான் அவரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள். லிங்க்கில் தெரியும் எழுத்துகளில், ஆட்கள் கூகுளில் தேடும் சொல் (கீவேர்ட்) இருந்தால் தேடல் வரிசையில் தளம் மேலே வரும் என்று அர்த்தம். அது பாதி உண்மை. இந்த மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், சாக்லேட் செய்து விற்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள் என்று பலரும் அந்தப் பாதியை நம்பிக் காசைக் கொட்டுவதைப் பார்க்கிறேன். மனது கேட்கவில்லை. அதனால் மீதிப் பாதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

குகைக்குப் பெயர் வைத்தது யார்?

கொடைக்கானலில் தூண் பாறையைத் தாண்டிப் போனால் வரும் குகையை இன்று எல்லோரும் குணா குகை என்கிறார்கள். அதற்கு முன்பு அதற்கு 'டெவில்ஸ் கிச்சன்', அதாவது பேயின் சமையற்கட்டு என்று பெயர். 1991-இல் வெளிவந்த 'குணா' படம் அங்கே எடுக்கப்பட்டது. படம் பார்த்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லியே வழி கேட்டார்கள், வண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. குகை அதே குகைதான். பாறையும் மாறவில்லை, பள்ளமும் மாறவில்லை. மற்றவர்கள் அதைக் கைகாட்டும்போது சொன்ன சொல்தான் மாறியது.

இப்போது இந்த ஊரை அறவே தெரியாத ஒருவர் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார் என்று வையுங்கள். குகையை அவர் பார்த்ததில்லை. நாலு பேரிடம் விசாரிக்கிறார். ஒருவர் "குணா குகை" என்கிறார். ஒருவர் "டெவில்ஸ் கிச்சன்" என்கிறார். இன்னொருவர் "தூண் பாறை தாண்டி, மர வேரெல்லாம் தரையில பரந்து கிடக்குமே, அந்த இடம்" என்கிறார். நான்காமவர் "அதோ அங்க" என்று கையை மட்டும் நீட்டுகிறார். குகையை நேரில் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி ஓரளவு சரியான சித்திரம் அவர் மனதில் வந்துவிடுகிறது. சொன்னவர்கள் தனித்தனி ஆட்கள், ஒருவரோடு ஒருவர் பேசி வைத்துக்கொள்ளாதவர்கள் என்பதால்தான் அந்தச் சித்திரத்தை அவரால் நம்ப முடிகிறது.

ஆங்கர் டெக்ஸ்டின் வேலை இதேதான்.

இரண்டே இரண்டு சொற்கள்

வேறொருவருடைய இணையதளத்திலிருந்து உங்கள் இணையதளத்துக்கு வரும் லிங்க்குக்குப் பேக்லிங்க் என்று பெயர். உங்கள் குகையை நோக்கி நீட்டப்பட்ட கை அது.

அந்த லிங்க்கில் நாம் தொடுகிற எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, பெரும்பாலும் நீல நிறத்தில், அடிக்கோடு போட்டு? அவைதான் ஆங்கர் டெக்ஸ்ட். கையை நீட்டும்போது வாய் சொல்லும் சொல். ஆங்கர் என்றால் நங்கூரம். இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியில் லிங்க் போடுவதற்கு 'ஏ' என்ற ஓரெழுத்துக் குறிதான் இருக்கிறது. ஆங்கர் என்ற சொல்லின் முதலெழுத்து அது.

ஒரு சமையல் தளத்தில் "நாங்கள் ரசத்துக்குப் பூம்பாறை மலைப்பூண்டுதான் போடுகிறோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 'பூம்பாறை மலைப்பூண்டு' என்ற இரண்டு சொற்களைத் தொட்டால் தம்பியின் தளம் திறக்கிறது. லிங்க் மொத்தமும் பேக்லிங்க், அந்த இரண்டு சொற்கள் ஆங்கர் டெக்ஸ்ட். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதற்கு மேல் கலைச்சொல் அதிகம் தேவையில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பேக்லிங்க் என்பது அடுத்தவர் உங்களைக் கைகாட்டுவது. ஆங்கர் டெக்ஸ்ட் என்பது கைகாட்டும்போது அவர் உங்களுக்கு வைக்கும் பெயர்.

கூகுள் ஏன் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறது?

கூகுளை உருவாக்கியவர்கள், 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் தங்கள் தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஒரு லிங்க்கில் இருக்கும் சொற்களை, அந்த லிங்க் இருக்கும் பக்கத்தோடு மட்டுமல்லாமல், அது போய்ச் சேரும் பக்கத்தோடும் சேர்த்துக் கணக்கில் எடுக்கிறோம் என்று அதில் சொன்னார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட, மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வது பல நேரம் சரியாக இருக்கிறது. அப்புறம், படம் போல எழுத்தே இல்லாத பக்கங்களைக்கூட அதைச் சுட்டும் சொற்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

நம் ஊர் அனுபவமும் அதுதான். எந்த ஹோம்ஸ்டே பெயர்ப்பலகையிலும் 'அருமையான வியூ' என்று எழுதியிருக்கும். கதவைத் திறந்தால் எதிரே அடுத்த லாட்ஜின் சுவர். தங்கிவிட்டுப் போனவர் "காலையில கதவைத் திறந்தா பெரியகுளம் வரைக்கும் தெரியுது" என்று சொன்னால் அதற்கு எடை வேறு.

இந்த முறைக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஒரு காலத்தில் கூகுளில் 'கிளிக் ஹியர்' என்று ஆங்கிலத்தில் தேடினால், அடோபி ரீடர் மென்பொருளைத் தரவிறக்கும் பக்கம் முதலில் வந்து நிற்கும். அந்தப் பக்கம் 'கிளிக் ஹியர்' என்ற விஷயத்தைப் பற்றியதே இல்லை. ஆனால் பிடிஎஃப் கோப்பு வைத்திருந்த எண்ணற்ற தளங்கள் "அடோபி ரீடர் வேண்டுமா, கிளிக் ஹியர்" என்று எழுதி அங்கே லிங்க் கொடுத்திருந்தன. ஊரே ஒரு பெயரைச் சொன்னதால் அதுவே அதன் பெயராகிவிட்டது.

ஆக, ஆங்கர் டெக்ஸ்டில் இருக்கும் சொல் தேடல் வரிசையைத் தொடுகிறது என்பது உண்மைதான். தம்பியிடம் சொல்லப்பட்ட பாதி உண்மை இதுவே. அடுத்தது, அவரிடம் சொல்லாமல் விட்ட பகுதி.

ஒரே வாக்கியத்தை 300 பேர் சொன்னால்?

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போவோம். இறங்கியவர் விசாரிக்கிறார். முதல் ஆள் "கொடைக்கானல் மலைப்பூண்டு ஆன்லைனில் வாங்க" என்கிறார். இரண்டாவது ஆளும் அதே சொற்களை, அதே வரிசையில் சொல்கிறார். மூன்றாவது ஆளும் அப்படியே. நான்காவது ஆள் வாயைத் திறக்கும் முன்பே வந்தவருக்குப் புரிந்துவிடும், இவர்களுக்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்று. அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் சொல்லும் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கூகுளும் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றது. 2003-இல் ஒரு கூட்டம் பேசி வைத்துக்கொண்டு, 'படுதோல்வி' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொற்றொடரை ஆங்கர் டெக்ஸ்டாக வைத்து, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தது. அந்தச் சொற்றொடரைத் தேடினால் அதிபரின் பக்கம் முதலிடத்தில் வந்தது. இப்படிச் செய்வதற்குக் கூகுள் குண்டு என்றே பெயர் வந்துவிட்டது. 2007 ஜனவரியில் கூகுள் தன் கணக்கீட்டு முறையை மாற்றி இதை அடக்கியது.

பெரிய மாற்றம் வந்தது 2012 ஏப்ரல் 24 அன்று. பென்குவின் என்று பெயர். காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகள், ஒரே கீவேர்டை ஆங்கராகத் திணித்த லிங்க்குகள் போன்ற தில்லுமுல்லுகளைக் கண்டுபிடித்து, அப்படிச் செய்த தளங்களைக் கீழே இறக்கியது. அதுவரை முதல் பக்கத்தில் இருந்த பல தளங்கள் காணாமல் போயின. 2016 செப்டம்பரில் பென்குவின் கூகுளின் மைய முறையின் ஒரு பகுதியாகவே ஆனது. அதிலிருந்து பெரும்பாலும் தளத்தைத் தண்டிப்பதைவிட, அந்த மாதிரி லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுகிறது.

தம்பிக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 300 லிங்க்கும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை யாரும் எண்ணவில்லை.

சுருக்கமாக: ஆங்கர் டெக்ஸ்டுக்கு மதிப்பு வருவது அது சுயமாகச் சொல்லப்பட்ட சாட்சி என்பதால். சொல்லிக்கொடுத்த சாட்சி என்று தெரிந்தால் மதிப்பு போய்விடும்.

இயல்பான பேச்சு எப்படி இருக்கும்?

கலந்து இருக்கும். தம்பியின் பூண்டை உண்மையிலேயே வாங்கிச் சமைத்த பத்துப் பேர் தங்கள் தளங்களில் எழுதினால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருவர் கடையின் பெயரை மட்டும் போடுவார். பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான், கடைக்குப் பெயர் இருப்பதே கூப்பிடத்தானே. ஒருவர் இணைய முகவரியை அப்படியே ஒட்டிவிடுவார். ஒருவர் "இங்கே பாருங்கள்" என்பார். சமையல் எழுதுபவர் "புகை வாசனை வரும் பூண்டு" என்பார். செய்தித் தளம் என்றால் "2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று முறையாக எழுதும். ஒருவர் 'மலைப்பூண்டு' என்று சேர்த்து எழுதுவார், ஒருவர் 'மலை பூண்டு' என்று பிரித்து எழுதுவார், இன்னொருவர் அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார். பூண்டுக் கட்டுகள் அடுப்புக்கு மேலே தொங்கும் படத்தைப் போட்டு, அந்தப் படத்திலேயே லிங்க் கொடுப்பவரும் உண்டு. அப்போது அந்தப் படத்துக்கு எழுதப்பட்ட மாற்றுவிவரம், அதாவது படம் தெரியாதவர்களுக்காகப் பின்னால் எழுதி வைக்கும் குறிப்பு, ஆங்கர் டெக்ஸ்டாக எடுத்துக்கொள்ளப்படும்.

இந்தப் பத்தையும் சேர்த்துப் படித்தால் ஒரு மனிதருக்குக்கூட விஷயம் விளங்கும்: இது ஒரு கடை, பூண்டு விற்கிறது, மலைப்பூண்டு, கொடைக்கானல், புகை போட்டது. ஒரே கீவேர்டை 300 முறை சொல்லி இதைக் கொண்டுவர முடியாது.

இன்னொன்று, லிங்க்கைச் சுற்றியிருக்கும் வரிகளும் பேசுகின்றன. "இங்கே பாருங்கள்" என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. ஆனால் அதற்கு முன்னால் பூண்டைப் பற்றி நான்கு வரி இருந்தால் பொருள் கிடைத்துவிடும். டயர் கடைப் பக்கத்தின் அடியில் திடீரென்று மலைப்பூண்டு வந்தால் அது யாருக்கும் பொருந்தாது.

விகிதக் கணக்கு

'கடைப் பெயர் இத்தனை சதவீதம், கீவேர்ட் இத்தனை சதவீதம்' என்று அட்டவணை போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு விகிதத்தைக் கூகுள் எங்கும் வெளியிட்டதில்லை. அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

முழுக்க உங்கள் கையில் இருக்கும் லிங்க்குகள்

அடுத்தவர் வாயை நம்மால் பிடிக்க முடியாது. ஆனால் நம் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்குகள் இருக்கின்றன. அவற்றின் சொற்கள் முழுக்க நம்முடையவை. காசும் இல்லை, யாரையும் கெஞ்சவும் வேண்டாம். ஆனாலும் கிட்டத்தட்ட எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

தம்பியின் தளத்தை அவர் முன்னாலேயே திறந்தேன். முகப்புப் பக்கத்தில் வரிசையாக நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அழகான படம், கீழே ஒரு லிங்க். நான்கிலும் "மேலும் படிக்க".

"இந்த நாலும் எங்க போகுதுன்னு படத்தைப் பார்க்காம சொல்லுங்க தம்பி" என்றேன்.

கையால் படத்தை மறைத்துக்கொண்டு பார்த்தார். "தெரியல அண்ணா."

"உங்களுக்கே தெரியலைன்னா கூகுளுக்கு எப்படித் தெரியும்?"

ஒன்று அவர் தோட்டத்தைப் பற்றிய பக்கம். ஒன்று அனுப்பும் செலவு. மூன்றாவது, நல்ல பூண்டை அடையாளம் காண்பது எப்படி என்று. நான்காவது பக்கம் உண்மையிலேயே அருமையானது. அறுவடை செய்த பூண்டைத் தாளோடு கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை போட்டு, மாதக்கணக்கில் கெடாமல் வைப்பதை அவர் பாட்டி எப்படிச் செய்வார் என்று ஒவ்வொரு படியாக எழுதியிருந்தார். இப்படி ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அதை "மேலும் படிக்க" என்று கூப்பிட்டால், வீட்டுக்கு வந்த பெரியவரை "ஏய்" என்று கூப்பிடுவது போல.

"மலைப்பூண்டைப் புகை போட்டுப் பாதுகாக்கும் முறை" என்று அந்த லிங்க்கை மாற்றினோம். அவ்வளவுதான். படிக்கிறவருக்கும் தெரியும், தேடுபொறிக்கும் தெரியும்.

லிங்க்கை மட்டும் தனியே எடுத்துப் படித்தால் எங்கே போகிறது என்று புரிகிறதா பாருங்கள். கூகுளே தன் வழிகாட்டுதலில் சொல்லும் சோதனை இது. புரிந்தால் நல்ல ஆங்கர். அதற்காக ஒரு பத்தி முழுவதையும் லிங்க்காக்கக் கூடாது. இரண்டு சொல்லிலிருந்து ஏழெட்டுச் சொல்வரை போதும் என்பது என் அனுபவம். இரண்டு லிங்க்குகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வைப்பதும் வேண்டாம், எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும்.

இதைக் கூகுளுக்காக மட்டும் செய்யச் சொல்லவில்லை. பார்வையற்றவர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் மூலம் இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கத்தின் லிங்க்குகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொல்லிக் கேட்கும் வசதி அதில் உண்டு. உங்கள் பக்கத்தில் அவர் காதில் விழுவது "மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க, மேலும் படிக்க". அவரும் ரசம் வைக்கிறவர்தான், அவருக்கும் பூண்டு வேண்டும்.

அடுத்தவரிடம் லிங்க் கேட்கலாமா?

கேட்கலாம். உங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதி, லிங்க் கொடுக்காமல் விட்டவர்களிடம் முதலில் கேளுங்கள். ஹோம்ஸ்டேயில் தங்கிவிட்டுப் பயணக் கட்டுரை எழுதியவர், உங்கள் பூண்டை வாங்கிச் சமையல் குறிப்பு எழுதியவர் போன்றவர்கள். "எங்கள் தளத்துக்கு ஒரு லிங்க் சேர்க்க முடியுமா?" என்று ஒரு வரி போதும். "இந்தச் சொற்களில்தான் கொடுக்க வேண்டும்" என்று எழுதி அனுப்பாதீர்கள். அவர் எழுதிய வாக்கியத்துக்குள் இயல்பாக எது அமைகிறதோ அதுவே இருக்கட்டும். உங்கள் பக்கத்தின் தலைப்பைத் தெளிவாக வைத்திருந்தால், பெரும்பாலானவர்கள் அதையே எடுத்து ஆங்கராகப் போட்டுவிடுவார்கள். அடுத்தவர் சொல்லை நேர்மையாகத் தொடக்கூடிய ஒரே இடம் எனக்குத் தெரிந்து அந்தத் தலைப்புதான். 'முகப்பு' என்று தலைப்பு வைத்த பக்கத்தை யாரும் அழகாகக் கூப்பிட மாட்டார்கள்.

பணம் கொடுத்தோ, சும்மா இரண்டு நாள் தங்க வைத்தோ லிங்க் வாங்கினால், அதைக் கூகுள் விளம்பரமாகவே பார்க்கிறது. அப்படிப்பட்ட லிங்க்கில் 'இது விளம்பரம்' என்று ஒரு குறி போட வேண்டும். 2005-இல் 'நோஃபாலோ' என்ற குறி வந்தது. 'இந்த லிங்க்குக்கு நான் பரிந்துரை தரவில்லை' என்று பொருள். 2019-இல் விளம்பரத்துக்கென்றே 'ஸ்பான்ஸர்டு' என்ற குறியைச் சேர்த்தார்கள். எழுதுகிறவரிடம் இதைப் போடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரேங்க்குக்கு உதவாவிட்டாலும், அதைப் படித்துவிட்டு ஆட்கள் வருவார்கள்.

சுருக்கினால்: கேளுங்கள், ஆனால் சொல்லை நீங்கள் எழுதித் தராதீர்கள். காசு கைமாறினால் குறி போடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்?

தம்பி கடைசியாகக் கேட்டது இதுதான். "அப்ப அந்த 300-ஐ என்ன பண்றது? எல்லாத்தையும் அழிக்கச் சொல்லணுமா?"

கூகுள் சர்ச் கன்சோல் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. தளத்தின் உரிமையாளர் என்று நிரூபித்துவிட்டு உள்ளே போனால், கூகுளின் ஆட்களே நேரில் பரிசீலித்து உங்கள் தளத்தின் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறார்களா என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அங்கே ஏதாவது இருந்தால் லிங்க்குகளை எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எடுக்க மறுத்தால் 'இவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள்' என்று கூகுளிடம் பட்டியல் கொடுக்க 2012 முதல் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. தெரியாமல் அதைத் தொட்டு நல்ல லிங்க்குகளையும் சேர்த்துத் தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் கணக்கில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். ஒன்றும் இல்லை. அதனால் 300-ஐயும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன். இனிமேல் புதிதாக வாங்க வேண்டாம், மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்த பணத்தையும் நிறுத்திவிடுங்கள் என்றேன். அங்கேயே உட்கார்ந்து போனில் அந்தச் செய்தியை அனுப்பினார். பிறகு முகப்பில் மிச்சமிருந்த மூன்று "மேலும் படிக்க"வை மாற்ற ஆரம்பித்தோம். முதலில் எடுத்தது தோட்டத்தைப் பற்றிய பக்கம். "இதுக்கு என்ன போடலாம் அண்ணா?" என்றார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வீர்களோ அதைப் போடுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூம்பாறையில் எங்கள் பூண்டுத் தோட்டம்" என்று தட்டினார்.